ஈரத்துண்டு

செத்துப்போன எங்கள் மகன் சுதாகரனை, அவன் குரலிலேயே பேசுகிற மாதிரி, ஒரு சின்ன கேம் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தார்கள். மடியில் வைத்துக்கொள்கிற மாதிரிதான் வேண்டும் என்று என் பெண்டாட்டி பவுனு அடம்பிடித்தாள்.

"சின்னதுன்னா சூடேறும்மா. வேகத்தைக் குறைச்சா தாங்கும், ஆனா பையன் திக்கித் திக்கித்தான் பேசுவான்" என்றான் கடைக்காரன்.

"எம்புள்ள என்ன திக்குவாயா? முழு வேகத்துல வையி."

நான் அந்த மெஷினோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. விற்கிறவன் ஆயிரம் சொல்லுவான்.

போன சித்திரை வெயிலில் அவள் அதோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். மெஷினுக்குள்ளே காத்தாடி கத்தியது. திடீரென்று பையன் குரல் இழுத்தது. பவுனு கைவைத்துப் பார்த்தாள். அனலாகக் கொதித்தது. சுதாகரனைக் கொண்டுபோனதும் காய்ச்சல்தான். நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் துண்டை நனைத்து, சரியாகப் பிழியாமல்கூட அதன்மேல் போட்டுவிட்டாள்.

"இப்ப தேவலாம்மா" என்றான் அவன். திரை இருண்டது.

"யோவ், காய்ச்சல் விட்டுருச்சா பாரு."

அடி கூறுகெட்டவளே, அது மெஷினுடி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, குனிந்து அதைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

"விட்டுருச்சு. தூங்குறான், எழுப்பாத" என்றேன்.