பானெட்டைத் திறங்க

"மொதல்ல பானெட்டத் தொறங்க. பாலீஷெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் பரசுராமன். வணக்கம் சொல்லக் கூப்பிய கையை ஆதிமூலம் அப்படியே இறக்கிக்கொண்டார்.

பரசுராமனுக்குக் கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கொட்டை மண்டி. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்தே பழகின மனுஷர். துணைக்கு சுப்பன் என்று ஒரு மெக்கானிக் வேறு. கூட வந்த மகன் அர்ஜுனன், வந்ததும் வராததுமாகக் கார்க் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்தான். இவன் கைக்குப் போவதென்றால் காருக்கே கஷ்டகாலம்தான்.

ஆதிமூலம் திருவண்ணாமலை தேரடித் தெருவில் பாத்திரக்கடைக்காரர். ஆவணிக்குள் மகள் வள்ளியின் கல்யாணம் நடந்தாக வேண்டும். அது இந்தக் காரில் வந்து மாட்டிக்கொண்டு நின்றது. ஏற்கெனவே இரண்டு பார்ட்டி வந்து பார்த்துவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்றோம்" என்று போனதோடு சரி.

"ஆயில் எப்ப மாத்துனீங்க?" என்றார் பரசுராமன்.

"போன மாசந்தாங்க. தவறாம மாத்திடுவேன். இதுவரைக்கும் எஞ்சினப் பிரிச்சதே இல்லீங்க."

"எல்லாரும் இப்டித்தான் சொல்றாங்க."

சுப்பன் ஆயில் கம்பியை உருவி, ரசத்துக்குப் பெருங்காயம் பார்க்கிறவன்போல மோந்து பார்த்தான். ஸ்டார்ட் செய்யச் சொன்னான். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அதுவும் குற்றமாகிவிட்டது.

"காலைலயே ஓட்டி சூடு பண்ணி வெச்சிருக்காங்க மொதலாளி."

கூட வந்திருந்த பரசுராமனின் சம்சாரம் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ஸ்ப்ரிங் குத்துது" என்று தன் பங்குக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்கினாள். பரசுராமன் சைலன்சர் வாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்தார். "பாருங்க, பொகை ஜாஸ்தி. பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருக்கு."

சைலன்சரில் கரி வராமல் சந்தனமா வரும்? வாய்வரை வந்ததை ஆதிமூலம் விழுங்கிக்கொண்டார். காரியம் ஆகும்வரை கழுதையானாலும் காலைப் பிடி என்பார்கள். கழுதையாவது இவ்வளவு பேசாது.

எதிர்வீட்டு வேடியப்பன் வாசலில் நின்று இதையெல்லாம் ரசித்துக்கொண்டிருந்தார். "கில்லாடி ஆளுடி. இவ்ளோ நோண்டறான், வெலய மட்டும் இன்னும் கேக்கல பாரு" என்று மனைவியிடம் சொன்னார்.

"கிரிவலப் பாதைல ஒரு சுத்து போயிட்டு வந்துடலாம்" என்றார் பரசுராமன்.

அர்ஜுனன் ஓட்டினான். அப்பா பக்கத்தில். சொந்தக் காரின் பின் சீட்டில், சுப்பனோடு ஒண்டிக்கொண்டு ஆதிமூலம். பையன் கிளட்சை முழுசாக மிதிக்காமலே கியரை இழுத்தான். அந்தக் கறகற சத்தம் கேட்டு, ஆதிமூலம் பின் சீட்டிலிருந்தே இல்லாத கிளட்சை மிதித்தார்.

"கியர் பாக்ஸும் வீக்கு" என்றார் பரசுராமன், மகன் பக்கம் திரும்பாமலே.

நடந்துபோன ஜனங்கள் ஹாரன் சத்தத்துக்கு அலறி ஒதுங்கினார்கள். மலையைச் சுற்றினால் பாவம் போகும் என்கிறார்கள். காரில் சுற்றினால் போகாதுபோல.

திரும்பி வந்ததும் பானெட்டை மறுபடி திறந்து பார்த்துவிட்டுப் பரசுராமன் தீர்ப்பு சொன்னார். "புதுசா மாருதி வந்திருக்கு. ஆனா புக் பண்ணிட்டு யாரு காத்துக் கெடக்கறது? அதனால, போனா போவுதுன்னு இதுக்கு ஒத்துக்கறோம். எஞ்சின எறக்கி ரிங்கு மாத்திடுங்க. நாலு டயரும் புதுசா போட்டுடுங்க. பேட்டரியும்தான்."

"செஞ்சிடறேங்க."

பெயிண்ட் அடிக்கச் சொல்லாமல் விட்டாரே, மகராசன்.

"அப்போ, உங்களுக்கு சம்மதந்தானுங்களே?" என்று கேட்டேவிட்டார் ஆதிமூலம். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த கேள்வி அது.

"என்னடா, புடிச்சிருக்கா?" என்றார் பரசுராமன் மகனிடம். ஸ்டியரிங்கை விட மனசில்லாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்த அர்ஜுனன், பல்லெல்லாம் தெரியத் தலையாட்டினான்.

பரசுராமன் பானெட்டை அறைந்து மூடினார். கையைத் துடைத்தபடி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அப்படியே பொண்ணையும் ஒரு தடவ காட்டிட்டீங்கன்னா, நாங்க கெளம்பிடுவோம்."