ஓரக்குறிப்பு

சிகாகோவின் மாலை வெயில் வகுப்பு மேசைமீது கிடக்கிறது. எல்லோர் கையிலும் நான் கொடுத்த நகல், மதத்துக்காக உயிர்விட்டவர்களைப் பற்றிய ஒரு பழைய ஏட்டின் பக்கம். ரோம ஆளுநரின் சாட்டையடியில் ஒரு கிறிஸ்தவனின் எலும்பு தெரிந்ததாகச் சொல்லும் வரிக்கருகே என் கையெழுத்து: "மிகைப்படுத்தல், இலக்கிய மரபு." அதைத்தான் விளக்கிக்கொண்டிருக்கிறேன். முன்வரிசையில் லட்ரீஸ் சிரிக்கிறாள். "ப்ரொபசர், ஸ்டேஷன்ல என் தம்பி முதுகை என்ன பண்ணாங்கன்னு எங்கம்மா கோர்ட்ல சொன்னப்ப, போலீஸ் வக்கீலும் இதையேதான் சொன்னாரு. கூட்டிச் சொல்றாங்களாம். உங்ககிட்ட படிச்சவரோ?" யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்துகிறார்கள். ஹீட்டர் உறுமுகிறது. அந்த முதுகைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கலாம். நான் பேனாமூடியைத் திருகுகிறேன். காதுகள் சுடுகின்றன. "சரி, பரீட்சையில என்ன எழுதணும்?" என்கிறாள். "மரபுன்னு எழுதுங்க" என்கிறது என் வாய். அவள் குனிந்து எழுதிக்கொள்கிறாள்.