பதினெட்டுக் கண்ணி

“பதினஞ்சு. திரும்பவும் பதினஞ்சுதான் அண்ணாச்சி.”

ஜெயப்பிரியா டேப்பை எடுத்துவிட்டு அந்த மஞ்சள் பின்னல் துண்டை லிங்கராஜ் பக்கம் நகர்த்தினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு தானும் ஒருமுறை எண்ணினார். நாலு அங்குலத்துக்குள் பதினைந்து கண்ணிதான் இருந்தது. பதினெட்டு வர வேண்டும்.

கோவில்பட்டியில் ஒரு தையல் கடையின் மாடியில் நடந்தது ஜெயப்பிரியாவின் குரோஷா பின்னல் வகுப்பு. தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடிந்து வருகிற பெண்கள் ஐந்து பேர், ஆறாவதாக அறுபது வயது லிங்கராஜ். நூல் மில்லில் முப்பது வருஷம் பேக்கிங்கில் இருந்தவர். நூல் சுற்றிய கோனில் ஒட்டிய சீட்டு என்ன சொல்கிறதோ அதுதான் அங்கே நூல். பிரித்துப் பார்க்கிற வழக்கமே கிடையாது.

வந்த முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டார். மகள் உமாதேவிக்குக் குன்னூரில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. இருபதாம் தேதி பேர் வைக்கிறார்கள். அந்தக் குளிருக்குப் பேரன் மேலே ஒரு ஸ்வெட்டர் ஏற வேண்டும். அதுவும் இவர் கைப்பட முடித்ததாக இருக்க வேண்டும்.

புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்வதையே ஜெயப்பிரியா அவருக்கும் சொன்னாள். எடுத்த எடுப்பில் ஸ்வெட்டரில் கை வைக்கக் கூடாது. முதலில் ஆறு அங்குலச் சதுரத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்ன வேண்டும். அதை அலசி, நிழலில் காயப்போட்டு, இழுக்காமல் பரப்பி, ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் நாலு அங்குலம் அளந்து எண்ண வேண்டும். எண் குறைந்தால் சட்டை பெருத்துப்போகும்.

மூன்று வாரமாக எண் பதினைந்தைத் தாண்டவில்லை. இது ஏழாவது துண்டு.

“பய காலேஜுக்குப் போறதுக்குள்ளயாவது முடிச்சிருவீங்களா அண்ணாச்சி?” என்றாள் தீப்பெட்டி ஆபீஸ் தங்கமாரி. மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். லிங்கராஜும் கூடச் சிரித்தார்.

ஜெயப்பிரியாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தேதி நெருங்குகிறது. ஒரு நம்பர் சின்ன ஊசி எடுத்தால் பதினெட்டு தானாக வந்துவிடும் என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். அவர் தன்னிடம் உள்ள அலுமினிய ஊசியை விடுவதாக இல்லை.

“சரி, ஊசி வேண்டாம். கணக்கை மாத்திருவோம். உங்க கை இளக்கமான கை. அதுக்குத் தக்கன பதினஞ்சுக்கே நான் எழுதித் தாரேன்.”

“பதினெட்டுதான் டீச்சரம்மா. சீட்டுல அப்படித்தான் இருக்கு.”

சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை மறுபடியும் எடுத்துக் காட்டினார். நாலாக மடித்த நோட்டுத்தாள். நீல மையில் ‘4 அங்குலத்துக்கு 18’.

“நீங்க எதுக்கு இவ்வளவு பாடு படுதீங்க? மதினி கையில குடுத்தா ஒரு வாரத்துல போட்டுருவாவள்ள?” என்று கேட்டாள் தங்கமாரி.

“அவளுக்கு நேரம் பத்தல தாயி” என்றார் லிங்கராஜ்.

அதற்குப் பிறகு அவர் ஓயவில்லை. நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்றாகச் சுற்றினார். டவுன் பஸ்ஸில் பின்னினார், டீக்கடை பெஞ்சில் பின்னினார். இறுக்கிப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போனது. டீ மாஸ்டர், அண்ணாச்சி வலை பின்னி எந்தக் குளத்தில் மீன் பிடிக்கப் போகிறார் என்று விசாரித்தார்.

பத்தாம் தேதி ஒன்பதாவது துண்டு மேசைக்கு வந்தது. ஜெயப்பிரியா எண்ணினாள். சந்தேகத்தில் இன்னொரு முறை எண்ணினாள்.

“பதினெட்டு.”

ஐந்து பெண்களும் கை தட்டினார்கள். வெற்றி கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு வாங்கி வந்திருந்த கடம்பூர் போளியை அவர் பிரித்து வைத்தார். நெய் விரலை நூலில் துடைக்கப்போன தங்கமாரிக்கு நாலு பக்கமிருந்தும் திட்டு விழுந்தது.

“இன்னும் பத்து நாள் கெடக்கு. இன்னைக்கே முதுகுப் பக்கத்தை ஆரம்பிச்சிருங்க” என்றாள் ஜெயப்பிரியா.

“முதுகு முடிஞ்சிருச்சு டீச்சரம்மா.”

லிங்கராஜ் மஞ்சள் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்வெட்டரை எடுத்து மேசையில் விரித்தார். முதுகும் ஒரு முன்பக்கமும் முடிந்திருந்தன. மறு முன்பக்கம் பாதியில் நின்றது. கடைசிக் கண்ணி அவிழாமலிருக்க ஒரு ஊக்கு குத்தியிருந்தது.

“இம்புட்டும் எம் வீட்டுக்காரி போட்டது. புரட்டாசியில போய்ச் சேந்துட்டா. ஊசியும் அவளோடது, சீட்டும் அவ எழுதுனது. இதுக்கு மேல வேற கைன்னு உமாவுக்குத் தெரியக் கூடாது. அம்புட்டுதான்.”

தங்கமாரி போளியைக் கீழே வைத்தாள். ஜெயப்பிரியா அந்த முதுகுப் பக்கத்தை இழுக்காமல் நீவிவிட்டு, நடுவில் டேப்பை வைத்தாள். எண்ணினாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, இதை நீங்க ஒரு தடவகூட அளந்து பாக்கலியா?”

“அதான் சீட்டுல எழுதியிருக்காளே.”

அவள் டேப்பை அவர் கையில் கொடுத்தாள். லிங்கராஜ் குனிந்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

பதினைந்து. அவர் கையில் தானாக விழுந்த அதே எண். இத்தனை நாளாக அவர் நூலை இறுக்கி இறுக்கித் திருத்திக்கொண்டிருந்தது, மனைவியின் கையைத்தான்.