குருநாதன் கொண்டுவந்த மாலை

தவில்காரர் செல்லப்பனை ரஷ்யாவில் நடக்கும் இந்தியக் கலைவிழாவுக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றதும், பெரம்பலூரில் எங்கள் தெருவே அவர் வாசலில் கூடிவிட்டது. இருப்பதிலேயே பெரிய மாலையோடு வந்தவர் பக்கத்து வீட்டுக் குருநாதன் வாத்தியார். எனக்கு அங்கேயே இடித்தது. காலையில் செல்லப்பன் தவிலைத் தொட்டாலே படாரென்று ஜன்னலைச் சாத்துகிற மனுஷன் அவர்.

"என்ன சார், திடீர்ப் பாசம்?" என்றேன்.

"நம்ம ஊருக்குப் பெருமை இல்லீங்களா? ஆமா, எத்தனை மாசம் அங்க இருப்பாரு?"

அதற்குள் மெட்ராஸிலிருந்து வந்த கலைத்துறை அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கினார். "இங்க குருநாதன் யாருங்க?"

வாத்தியார் முகம் வெளுத்தது.

"கலெக்டருக்கு நீங்க போட்ட மனு சுத்திச் சுத்தி எங்க ஆபீசுக்கு வந்துச்சு. அதைப் பாத்துத்தான் இவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னோம்" என்றவர், மனுவை எடுத்துச் சத்தமாகப் படித்தார். "'தவிலை எடுத்தால் மூன்று மணி நேரம் கை ஓய்வதில்லை. பஸ் ஸ்டாண்டு வரை கேட்கிறது. தயவுசெய்து இவரை எங்காவது தூரமாக அனுப்பவும்.'"

செல்லப்பன் சிரித்தார். "நெசமாவே ரொம்ப தூரமா அனுப்பிட்டீங்க, சார்!"

வாத்தியார் அசடு வழிந்தார். "போயிட்டு மெதுவா வாங்க."

"ஒரு மாசத்துல வந்துடுவாரு" என்றார் அதிகாரி. "கூடவே ரஷ்யாக்காரங்க நாலு பேர் வர்றாங்க. ஒரு வருஷம் இவர் வீட்டுலயே தங்கி தவில் கத்துக்கப் போறாங்க."

வாத்தியார் மாலையை என் கையில் திணித்துவிட்டுப் போய், ஜன்னலைச் சாத்தினார். செல்லப்பன் அன்று தவிலைத் தொடவே இல்லை.