தொண்டையோரக் கறுப்புக் கோடு

படத்தில் குருவி இருந்தது. தொண்டைதான் சரியாக விழவில்லை.

நேற்று மாலை பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில், எங்கள் அலுவலக வளாகத்து வேப்பமரத்தில் எடுத்த படம். குளிருக்கு இமயமலைக் காட்டிலிருந்து ஊட்டிச் சோலைகளுக்குப் போகிற காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்று பறவைக் குழுவில் போட்டேன். ஒருவரும் நம்பவில்லை.

“சாதாரண செம்மார்பு ஈப்பிடிப்பானாக இருக்கும். தொண்டைச் சிவப்புக்கு ஓரத்தில் கறுப்புக் கோடு தெரிந்தால் ஏற்கிறேன்” என்று எழுதிவிட்டார் லாயிட். குழுவில் எந்தப் பதிவையும் ஏற்பதும் தள்ளுவதும் அவர்தான்.

மூன்று வருடமாக இதைப் பார்க்க ஊட்டிக்கு நடையாய் நடந்தவன் நான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

ஆனால் இப்போது எனக்கே சந்தேகம். கோடு இருந்ததா, ஆசையில் நானாகப் பார்த்தேனா?

காலை ஏழு மணிக்கே வந்து, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கண் பூத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். தரை துடைத்துக்கொண்டிருந்த லட்சுமம்மா திரையைப் பார்த்து நின்றார்.

“இதுவா சார்? கழுத்துல ரெண்டு பக்கமும் கறுப்பா கோடு இருக்குமே. வால விரிச்சா ரெண்டு வெள்ளை. இமைகூட சாம்பல் கலரு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தக் குருவி ஒரு கிளையில் மூன்று நொடி உட்காராது. வாலை இவருக்கு யார் விரித்துக் காட்டியது? இமையின் நிறம் லாயிட்டுக்கே தெரியாது. சந்தாபுராவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து கட்டடம் பெருக்குகிறவரிடம் பைனாகுலர் ஏது?

போகட்டும், சாட்சி கிடைத்துவிட்டது. எங்கே பார்த்தீர்கள் அக்கா, எனக்கும் காட்டுங்கள் என்று கெஞ்சினேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “சீக்கிரம் வாங்க சார். ஸ்டாஃப் யாரும் பாக்கக்கூடாதுன்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்காரு.”

கேமராவை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வானமும் மரங்களும் அப்படியே பிரதிபலிக்கும் புதிய கட்டடத்தின் ஏழு மாடிக் கண்ணாடிச் சுவருக்குக் கீழே நின்றார். நான் அண்ணாந்து மரங்களில் தேடினேன்.

“அங்க இல்ல சார்.”

சுவரோரம் வைத்திருந்த குப்பைக் கூடையின் மூடியைத் திறந்தார். சருகுகளுக்கு மேல், கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தன.

“இன்னைக்கு ரெண்டுதான்” என்றார், எனக்கு ஏமாற்றமாகிவிடக் கூடாதே என்பதுபோல. “பனி விழுந்தா பத்துகூட பொறுக்குவேன்.”