நிற்காத தறி

“எவளோ வேணும்னே கெடுத்திருக்கா! என் பட்டைத் தின்னு ஏப்பம் விட்டிருக்கா!”

பட்டு முதலாளி மாணிக்கவேல் யாரையும் சுட்டிக் காட்டவில்லை. ஆனால் கடையில் இருந்த அத்தனை பேரும் வாசலில் நின்ற பரிமளாவைத்தான் பார்த்தார்கள்.

மேசையில் கல்யாணப் புடவை. முந்தானை முழுக்கக் கழுத்தில்லாத மயில்கள்.

நாலு மாதம் முன்பு பரிமளா தறியிலும் இதே கதி. அன்றைக்கே முதலாளி அவள் தறியின் பாவு நூலை அறுத்து, டிசைனுக்கு இழை தூக்கும் எலக்ட்ரானிக் பெட்டியைக் கழற்றி, அவள் ஊரான முள்ளிப்பட்டிலேயே இருக்கும் தேவகி தறிக்கு மாட்டிவிட்டார். ‘கை சுத்தமில்லாதவ’ என்று ஆரணி முழுக்கச் சொன்னார். அப்புறம் எந்த முதலாளியும் அவளுக்குப் பாவு தரவில்லை. அரிசி மில்லில் களம் கூட்டுகிறாள்.

இப்போது தேவகி தறியிலும் கழுத்து போச்சு.

“பெட்டியைக் குடுக்கறப்ப உள்ள இன்னாடி பண்ணே?”

“நான் இன்னா பண்ணேன்? கழுத்துகிட்ட இழை எழும்பலன்னு மூணு வாட்டி வந்து சொன்னேனேங்க. ‘நெய்யத் தெரியாதவ சாக்கு சொல்லாத’ன்னீங்க.”

“வாயைப் பாரு! டேய் ஜோபின், பார்த்துட்டியா? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு.”

டிசைன் புரோகிராம் எழுதிக் கொடுத்த ஜோபின், லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தான்.

“பெட்டியை யாரும் தொடலைங்க. டிசைன் நேரா தறிக்குப் போறதில்ல. கம்ப்யூட்டருக்குள்ள பொய்யா ஒரு தறி செஞ்சு வெச்சிருக்கேன். டிசைனை அதுக்குத்தான் ஒரே வாட்டி எழுதறோம். அது உங்க நாப்பது தறிக்கும் அததுக்குப் புரியற மாதிரி சொல்லிக்கும்.”

“சரி, இதுக்கு இன்னா கேடு?”

“இது பழைய பெட்டி. மயில் கழுத்துக்கு இழை தூக்கற கொக்கி பத்தாது. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பொய்த்தறி சோதிச்சுப் பார்த்து நிறுத்தணும்.”

“அப்ப ஏன் நிறுத்தல?”

“முதல்ல நிறுத்திச்சுங்க. அந்தச் சோதனையை எடுக்கச் சொன்னாங்க, எடுத்துட்டேன்.”

“எந்த நாய் சொன்னது? சொல்றா!”

ஜோபின் செல்போனில் பழைய வாய்ஸ் மெசேஜ் ஒன்றைத் தட்டினான்.

‘பழைய பெட்டிக்குத் தனியா மாத்தி எழுத நாலு நாளா? நாலு நிமிஷம் தரமாட்டேன். சும்மா சும்மா நின்னுகினு, பேஜாரா கீது. நிறுத்தறதைத் தூக்கிக் கடாசு. தறி ஓடிகினே இருக்கணும், ஜல்தி!’

கடைக்கே பழகின முதலாளி குரல்.

மாணிக்கவேல் நாற்காலியில் உட்கார்ந்தார். 

“சரி, விடு பரிமளா. ஆனது ஆச்சு. நாளைக்கே பாவு அனுப்பறேன்.”

அவள் புடவைமேல் கை வைத்து எடுத்தாள். மில் வேலையில் வெடித்த விரலில் பட்டு இழை மாட்டிக்கொண்டு கூடவே வந்தது.

“இந்தக் கைல இனிமே எங்கேர்ந்து பட்டு நெய்யறது? பாவு வேணாங்க. என்னைக் ‘கை சுத்தமில்லாதவ’ன்னு ஊர் முழுக்கச் சொன்னாங்களே, அவங்களையே திரும்ப ஒவ்வொரு கடையா ஏறி இறங்கி, கெடுத்தது யாருன்னு சொல்லிட்டு வரச் சொல்லுங்க.”