ஹந்தானைக்கு லேசான வழி

பக்கத்துத் தெருவுக்கும் மோட்டார் சைக்கிளில் போகும் கடைக்கார நிஸ்தாருக்கு மலையேற ஆசை வந்துவிட்டதுபோல. ஹந்தானை மலையில் நடந்துவிட்டு அப்போதுதான் இறங்கிய அம்பிகைபாகன் மாஸ்டரைக் கடைக்குள் இழுத்து, கதிரையில் இருத்தினார்.

“மாஸ்டர், ஹந்தானைக்கு லேசான வழி எது?”

“தேயிலைக்கு மேலால ஒற்றையடிப் பாதை. உச்சியில நிண்டால் கண்டி முழுக்கத் தெரியும். இண்டைக்குத்தான் டவுன் பக்கம் ஒரே பனிமூட்டம்.”

“மேல நிக்கிற ஆளைக் கீழ ஈந்து தெரியுமா?”

“பைன் காட்டுக்குள்ள நிண்டால் தெரியாது.”

“தண்ணி?”

“ஊற்று இருக்கு. அட்டை கடிக்காமல் காலுக்குச் சவுக்காரம் பூசுங்கோ.”

“சின்னப் புள்ளைக்கு ஏற ஏலுமா?”

“ஓம், என்ர மகளே ஏறுவாள். எப்ப போறியள்?”

நிஸ்தார் கடைக் கதவைச் சாத்தினார்.

“நான் இல்ல மாஸ்டர், நீங்கதான் போகணும். நீங்க பார்த்தது பனியில்ல. டவுன்ல தமிழாக்கள்ட கடையெல்லாம் எரியுது. கொளுத்துறவனுகள் உங்க வீட்டையும் விசாரிச்சிட்டுப் போறானுகள். உங்க வீட்டு டீச்சரும் மகளும் பின்னால எங்க வீட்லதான் ஈக்கிறாங்க.”

அம்பிகைபாகன் கதிரையிலிருந்து எழுந்தார்.

“அப்ப... எனக்குத் தெரிஞ்ச வழியை ஏன் என்னட்டையே கேட்டனீங்கள்?”

“நாளைக்குச் சோறு கொண்டு வாறது நான்தானே, மாஸ்டர்.”